இமைக்காத ஊரில் தூங்கியவர்

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் காஞ்சிபுரத்தில் மழை பெய்யவில்லை. வேகவதி ஆற்றைக் குறுக்கே நடந்து கடந்தவர்களுக்கு அது ஆறு என்பதே நினைவில்லை. அந்த வருஷம் ஊரில் இரண்டே விஷயங்களுக்குத்தான் கூட்டம் சேர்ந்தது. ஒன்று தண்ணீர் லாரி. இன்னொன்று ‘இமைக்காத ஊர்’ என்ற நாவல்.

நாவலை எழுதியவர் ஹர்ஷவர்தன், சென்னைக்காரர். டெல்லியில் விருது கொடுத்திருந்தார்கள். பத்திரிகைகளின் ஞாயிற்றுக்கிழமை இணைப்புகள் எல்லாவற்றிலும் மதிப்புரை வந்திருந்தது. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். வாக்கியம் மட்டும் ஒன்று. ‘இதைப் படித்தவன் தூங்க மாட்டான்.’

காஞ்சி வாசகர் மாமன்றம் இந்த வாக்கியத்தைத் துணிப் பதாகையாக எழுதித் தன் கூட்ட அரங்கில் கட்டியது. மாமன்றத்தின் தலைவர் சபாபதி. மூன்று மாடிப் பட்டுக்கடையும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியும் அவருக்குச் சொந்தம். நல்ல பொருளை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மாமன்றத்துக்கென்று வாங்கிய நாவல் பிரதிக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டுத்துண்டு சாத்தி, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, கூட்டம் தொடங்கும்போது நாதஸ்வரத்தோடு மேடைக்கு எடுத்து வந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அதே மரியாதையோடு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். அழுக்குப் படக்கூடாது என்பதால் யாரும் அதைத் திறக்கவில்லை.

சபாபதியின் பள்ளியில் ராம்ப்ரஸாத் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தினார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, வரதர் கோயில் கோபுரம் தெரிகிற மாடி போர்ஷனில் மனைவி தாராவோடு குடியிருந்தார். மாமன்றத்தில் சாதாரண உறுப்பினர். கூட்டத்துக்குப் போவார், கடைசி வரிசையில் உட்காருவார், காபி குடித்துவிட்டு வருவார்.

அந்த நாவலை மட்டும் அவர் தன் செலவில் வாங்கினார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தார். பெரிய வேலைநிறுத்தம் நடந்த வருஷம் அப்பா சில வாரங்கள் தலைமறைவாக இருந்தார். அப்போது அவர்கள் வீட்டுக்குப் போலீஸ் வரவில்லை. பக்கத்து வீட்டு மாமாதான் வந்தார். வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்து, “என்னடா கண்ணா, அப்பா கடுதாசி போட்டாரா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு ராம்ப்ரஸாத்தின் வயிற்றுக்குள் எங்கேயோ இன்னும் உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. யாராவது எழுதியிருப்பார்கள், ஒருநாள் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தார். ஊரே தூங்கவில்லை என்று கேள்விப்பட்டதும், இதுதான் அந்தப் புத்தகம் என்று முடிவு கட்டினார்.

படிக்கத் தொடங்கினார்.

கதை எதிர்காலத்தில் ஒரு நகரத்தில் நடந்தது. அங்கே கண் இமைக்கக் கூடாது. இமைப்பவர்களைப் பிடிக்க இமைத்துறை என்று ஓர் இலாகா. எல்லோரும் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார்கள். யாருக்கும் பெயர் இல்லை, எண்தான். கதாநாயகன் ந-47. அவனைச் சந்திக்க ந-48 என்று ஒரு பெண் பாலத்துக்கு அடியில் வருகிறாள். வந்தவள் “பிறகு?” என்று கேட்கிறாள். அவன் நகரத்தின் வரலாற்றைச் சொல்கிறான். அவள் மறுபடியும் “பிறகு?” என்கிறாள். அந்தப் பெண் அதைக் கேட்பதற்காகவே பிறந்தவள் போலிருந்தாள். ராம்ப்ரஸாத் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் இருந்தவர். இவ்வளவு நல்ல மாணவியை அவர் பார்த்ததில்லை.

சைரன் ஊதியது. பூட்ஸ் சத்தம் கேட்டது. மழை பெய்துகொண்டே இருந்தது. அத்தியாயம் அத்தியாயமாக, ஈவு இரக்கமில்லாமல், அந்த நகரத்தின் மேல் மழை பெய்தது. வாசலில் காலிக் குடங்களோடு தாரா வரிசையில் நின்றிருந்த நேரத்தில் இதைப் படித்த ராம்ப்ரஸாத்துக்கு வந்த ஒரே உணர்ச்சி பொறாமை.

பாதியில் தூங்கிப்போனார். நல்ல தூக்கம். எழுந்து, தன் மேல்தான் தப்பு என்று நினைத்து, முகம் கழுவிக்கொண்டு மறுபடியும் படித்தார். பிடிவாதமாகக் கடைசிப் பக்கம் வரை படித்தார். ந-47 செத்துப்போனான். ஊர் சாம்பலானது. புத்தகத்தை மூடி வைத்தபோது, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆசையாகப் போய் இலை போடாமலே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

“எப்படி இருந்தது?” என்று தாரா கேட்டாள்.

“பூட்ஸ் சத்தம்தான் கேட்டது. செருப்பைக் கழட்டிட்டு வரவா யாரும் இல்லை.”

தாராவுக்கு மாமனார் கதை தெரியும். மேலே கேட்கவில்லை.

அடுத்த கூட்டம் முழுக்க அந்த நாவலுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவராக எழுந்து, படித்த பிறகு தங்கள் தூக்கம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். முதலில் எழுந்தவர் ஓர் இரவு தூங்கவில்லை என்றார். அடுத்தவர் மூன்று இரவு. அதற்கடுத்தவர் ஒரு வாரம். ஓய்வு பெற்ற தாசில்தார் கோதண்டபாணி எழுந்து, தான் தூக்கத்தையே விட்டுவிட்டதாக அறிவித்தார். அவருக்குப் பின்னால் வந்தவருக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அவர் கொஞ்சம் தவித்து, தன் வீட்டுப் பசுவும் தூங்குவதில்லை என்றார். கைதட்டினார்கள்.

ராம்ப்ரஸாத்தின் முறை வந்தது. பொய் சொல்லக்கூடாது என்ற லட்சியம் ஒன்றும் அவருக்கு இல்லை. கேட்டார்கள், சொன்னார்.

“எனக்கு நன்னா தூக்கம் வந்தது சார்.”

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள். முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கோபம் இருந்திருந்தால் ராம்ப்ரஸாத் தாங்கியிருப்பார். அந்த முகங்களில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த பலகைகள் போல இருந்தன.

சபாபதி மைக்கைக் கையில் எடுத்தார்.

“நண்பர்களே, பதற வேண்டாம். இந்த மாபெரும் நாவல் எதைச் சொல்கிறது? மக்கள் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிற கொடுங்கோன்மையைத் தோலுரிக்கிறது. இந்த விஷயத்தில் நமக்குள் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. இருந்தாலும் நாம் ஜனநாயகவாதிகள். ராம்ப்ரஸாத் சாருடைய மாறுபட்ட கருத்தை மதிக்கிறோம். அது எப்படி அவருக்கு வந்தது என்பதைக் கருத்துச் சுதந்திரக் குழு விசாரிக்கும்.”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ராம்ப்ரஸாத்தும் எழுந்தார். உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது என்று தோன்றியது.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குக் கோதண்டபாணி வந்தார். வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தார். கூடத்தில் உட்கார்ந்தார். தாரா கொடுத்த காபியை வாங்கிக்கொண்டார். ராம்ப்ரஸாத் வாசலில் இருந்த அந்தச் செருப்பையே பார்த்தார்.

“கோயிலுக்கு வந்துக்கினு இருந்தேன் சார். அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாம்னு.” தாசில்தார் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “முப்பத்தொண்ணாவது பக்கம்.”

“என்னது?”

“அதுக்கு மேல போவ முடியல சார். மூணு தபா ட்ரை பண்ணிட்டேன். அந்தப் பாலம் வந்தா கண்ணு சொக்கிக்கினு போவுது. யார்கிட்டயும் சொல்ல முடியல. நீங்க சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கு மூச்சே வந்துது.”

“நீங்களும் அங்கேயே சொல்லியிருக்கலாமே?”

கோதண்டபாணி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “நான் இந்த ஊர்ல இருக்கணும் சார்” என்று சொல்லிவிட்டு, காபியை முடித்துக்கொண்டு கிளம்பினார்.

நான்கு நாள் கழித்துக் கருத்துச் சுதந்திரக் குழு கூடியது. மூன்று பேர் குழுவில் கோதண்டபாணியும் ஒருவர். ராம்ப்ரஸாத் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். கோதண்டபாணி இவரை முன்பின் பார்க்காதவர் போல மேசையைப் பார்த்தார். தலைமை தாங்கியவர் காமாட்சியம்மாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை.

“உங்க கருத்தைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்குதுப்பா” என்று அன்பாகத் தொடங்கினார் காமாட்சியம்மாள். “சொல்லிட்டீங்க. உரிமை முடிஞ்சுது. இனிமே காரணத்துக்கு வருவோம். இதுக்கு முன்னாடி நல்ல புத்தகம் எதையாவது படிச்சுத் தூங்கியிருக்கீங்களா?”

“கவனிச்சதில்லை மேடம்.”

“வீட்ல யாருக்காவது இந்தப் பழக்கம் உண்டா?”

“தூங்கற பழக்கமா?”

“நக்கல் வேணாம் சார்” என்று கோதண்டபாணி கர்ஜித்தார். “ஊரே கண்ணு மூடாம தவிக்குது. ஒருத்தர் மட்டும் குறட்டை விட்டா அது மனுஷத்தன்மையா? இந்த நாவலோட ஒவ்வொரு பக்கமும் என் நெஞ்சைக் கிழிச்சுது!”

அவர் கண் மட்டும் மேசையை விட்டு எழவில்லை. ராம்ப்ரஸாத் அதைக் கவனித்தார். முப்பத்தொன்றாம் பக்கம் பற்றி இவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்ற பயம். காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. நாவலைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று ஆரம்பித்தார்.

“கடைசியில ந-47 சாகறப்போ கூட எனக்கு ஒண்ணும் தோணலை மேடம். அவன் மனுஷனா இருந்தாத்தானே—”

“செத்துட்டானா?” என்றார் காமாட்சியம்மாள்.

குழுவின் மூன்றாவது உறுப்பினர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

“ஆமா, செத்துட்டான்” என்று காமாட்சியம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “அது எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தோம்.”

அன்று மாலை அவரும் வீட்டுக்கு வந்தார். பெருமாள் பிரசாதம் கொடுக்கிற சாக்கில் தாராவிடம் பொட்டலத்தை நீட்டி, ராம்ப்ரஸாத்தின் பக்கம் திரும்பாமலே, “இருபத்தாறு” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. காய்கறிக் கடையில், தராசுக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்: “நாப்பது.” தண்ணீர் லாரி வரிசையில் அவர் குடத்தை நகர்த்தியபோது பின்னாலிருந்து ஒரு குரல்: “பதினெட்டு.” திரும்பினால் எல்லா முகமும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோயிலில் தீபாராதனை நடக்கும்போது பக்கத்தில் கண்மூடிக் கைகூப்பி நின்றவர், உதட்டை மட்டும் அசைத்து, “பெருமாள் சத்தியமா சார், அம்பத்திரெண்டு” என்றார். அதே மனிதர்கள் மாமன்றக் கூட்டங்களில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவரைக் கண்டித்தார்கள். எவர் அதிகம் முணுமுணுத்தாரோ அவரே அதிகம் கத்தினார்.

ராம்ப்ரஸாத் மெதுவாக ஒன்றைப் புரிந்துகொண்டார். அதை உறுதிப்படுத்திக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. தாராதான் வாய்விட்டுச் சொன்னாள்.

“ஏன்னா, இந்த ஊர்லயே அந்தப் புஸ்தகத்தை முழுசா படிச்சது நீங்க ஒருத்தர்தானா?”

“அப்படித்தான் தெரியறது.”

தாரா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். “அப்போ இவாள்லாம் எதுக்குன்னா பயப்படறா?”

“ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர்.”

“நீங்க பேசாம தூக்கம் வரலைன்னு சொல்லிட்டு வாங்கோளேன். நமக்கென்ன நஷ்டம்?”

அவரும் அதை யோசித்தார். ஆனால் அதற்குள் சபாபதி முந்திக்கொண்டார்.

பள்ளியில் அவருக்கு ‘மறுவாசிப்பு விடுப்பு’ கொடுக்கப்பட்டது. தண்டனை இல்லை, சலுகை என்று சபாபதி விளக்கினார். தினமும் பள்ளிக்கு வந்து, ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து, தூக்கம் போகும்வரை நாவலைப் படிக்க வேண்டும். அவருடைய பிளஸ் டூ வகுப்பு டிரில் மாஸ்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. மார்ச்சில் பொதுத்தேர்வு.

காவலுக்கு அட்டெண்டர் முனிசாமியைப் போட்டார்கள்.

“சார், நீங்க தூங்கினா எழுப்பணுமாம். ஆர்டரு” என்று முனிசாமி சங்கடத்தோடு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனதும், “இன்னா சார் கதை அது?” என்று கேட்டார்.

“கண்ணை மூடினா பிடிச்சுண்டு போவா.”

“யாரு?”

“கவர்ன்மெண்டு.”

முனிசாமி கொஞ்சம் யோசித்தார். “பிறகு?” என்றார். ராம்ப்ரஸாத் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். முனிசாமி சாதாரணமாகத்தான் கேட்டிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய வகுப்பு. டிரில் மாஸ்டர் விசில் ஊதி ஒளிவிலகலை நடத்தினார். பிள்ளைகள் தப்பான விதியைக் கோரஸாகச் சொல்வது கேட்டது. முதல் நாள் எழுந்து போய்த் திருத்தலாமா என்று துடித்தார். பிறகு, அவர்கள் ஒரே குரலில், ஒரே தாளத்தில், தப்பைச் சொல்லிச் சொல்லிப் பழகுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தப்பு என்று தெரிந்த பிள்ளைகளும் அதற்குள் இருப்பார்கள். அவர்களின் குரலும் அதே குரல்தான்.

அவருக்குத் தூக்கம் போனது.

படுத்தால் எண்கள் வந்தன. முப்பத்தொன்று, இருபத்தாறு, பதினெட்டு. துடைத்து வைத்த முகங்கள் வரிசையாக வந்து ஒவ்வொன்றும் ஒரு பக்க எண்ணைச் சொல்லிவிட்டுப் போயின. மாடிப்படியில் யாராவது ஏறினால், செருப்பைக் கழற்றுகிற சத்தத்துக்காகக் காது காத்திருந்தது. தாரா பக்கத்தில் கை வைத்துப் பார்த்தபோது அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் காலை பள்ளி வாசலில் சபாபதி அவரை எதிர்கொண்டார். முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு செவந்திருக்குது!”

“ஆமா சார். தூங்கி நாளாச்சு.”

“எனக்குத் தெரியும் சார்! எனக்குத் தெரியும்!” சபாபதியின் கண்ணில் நிஜமாகவே நீர் தளும்பியது. “அந்த நாவல் யாரையும் விடாது.”

அன்றைக்கே அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். ஹர்ஷவர்தனைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் பாராட்டு விழா நடத்துவது என்றும், அதில் ராம்ப்ரஸாத் தன் தூக்கம் பறிபோன வரலாற்றை மேடையில் வாசிப்பது என்றும் மாமன்றம் தீர்மானித்தது. வாசிக்க வேண்டியதை மாமன்றமே எழுதிக் கொடுத்தது. ‘அறியாமையில் உறங்கிக் கிடந்த நான்’ என்று அது தொடங்கியது. வாசித்தால் திங்கட்கிழமை வகுப்பு திரும்பக் கிடைக்கும்.

“வாசிச்சிடுங்கோ” என்றாள் தாரா. “தூக்கம் போனது நிஜம்தானே. ஏன் போச்சுன்னு யார் கேக்கப் போறா?”

விழா நாளில் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. நாவல் தாம்பாளத்தில் பட்டு சாத்திக்கொண்டு முன்னால் வர, எழுதியவர் அதன் பின்னால் நடந்து வந்தார். ஒல்லியான மனிதர். மாலையின் பாரத்தில் கழுத்து முன்னால் சாய்ந்திருந்தது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டினார். விழாவுக்கு முன் டிபன் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டில் கை கழுவப் போன ராம்ப்ரஸாத், ஹர்ஷவர்தன் வறண்ட குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்பதைக் கண்டார்.

டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மொண்டு அவர் கையில் ஊற்றினார்.

“நீங்களும் படிச்சீங்களா?” என்று ஹர்ஷவர்தன் கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான்.

“படிச்சேன் சார். முழுசா.”

“எல்லாரும் அதான் சொல்றாங்க.”

“பதினோராம் அத்தியாயத்துல ஒரு அம்மா வரா. கதவைத் தட்டற சத்தம் கேட்டதும், குழந்தை முகத்தை முந்தானையால துடைச்சு, ‘சிரி’ன்னு சொல்லி, அது சிரிச்சப்புறம்தான் போய்க் கதவைத் திறக்கறா. அரைப் பக்கம்தான். அது ஒண்ணுதான் சார் எனக்கு வயித்துல போய் உக்காந்தது.”

ஹர்ஷவர்தனின் கை தண்ணீருக்கடியில் அப்படியே நின்றது.

“அது எங்கம்மா” என்றார். பிறகு, “அந்தப் பக்கத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தர்கூட…” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. ஈரக் கையோடு ராம்ப்ரஸாத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “மத்தது?”

ராம்ப்ரஸாத் அவர் கண்ணைப் பார்த்தார். அங்கேயும் தூக்கமில்லை.

“மத்தது எனக்குப் பிடிக்கலை சார். பயமே வரலை. நீங்க பயந்த மாதிரியும் தெரியலை. அந்த அம்மாகிட்ட மட்டும்தான் நீங்க இருக்கேள்.”

ஹர்ஷவர்தன் பின்கட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிடி இறுகியது.

“சத்தமா சொல்லாதீங்க” என்றார். அப்புறம் இன்னும் நெருங்கி வந்து, “சொல்லுங்க. இன்னும் சொல்லுங்க” என்றார்.

அதற்குள் சபாபதி இரண்டு தொண்டர்களோடு வந்துவிட்டார். எழுத்தாளரைப் பத்திரமாக மேடைக்கு அழைத்துப் போனார்கள்.

ராம்ப்ரஸாத்தின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் சட்டைப்பையில் அந்தக் காகிதம் இருந்தது. மேடையேறும்வரை வாசிப்பதாகத்தான் இருந்தார். மைக்குக்கு முன்னால் நின்று கீழே பார்த்தார். கோதண்டபாணி, காமாட்சியம்மாள், காய்கறிக் கடைக்காரர், கோயிலில் சத்தியம் செய்தவர். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இமைக்கவில்லை. இவர் ஒரு பக்க எண்ணைச் சொன்னால் போதும், யாரோ ஒருவரின் வாழ்க்கை போய்விடும் என்பது போல. அவருக்கு அவர்கள் மேல் இரக்கமாக இருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது.

மணிக்கட்டில் ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு மனிதராவது உண்மையைக் கேட்க விரும்புகிறார், அவரே எழுதியவர், மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்ற தைரியம் வந்தது.

“நான் இந்த நாவலை முழுசா படிச்சேன்” என்றார். “எனக்குப் பிடிக்கலை. ஒரே ஒரு அரைப் பக்கம் ரொம்பப் பிடிச்சது. அந்த அரைப் பக்கத்தை எழுதினவர் இன்னொரு நாவல் எழுதினா, நான் முதல் ஆளா வாங்குவேன். அவ்வளவுதான்.”

சபாபதி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். எல்லாக் கண்களும் ஹர்ஷவர்தனிடம் போயின. ராம்ப்ரஸாத்தும் அவரைப் பார்த்தார்.

ஹர்ஷவர்தன் மெதுவாக எழுந்து வந்தார். இவர் பக்கத்தில் நின்றார். கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கேமராக்கள் மின்னின. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைக்கப்படுவதை ராம்ப்ரஸாத் ஓரடி தூரத்திலிருந்து பார்த்தார்.

“ஒரு கலைஞன் எல்லோருக்காகவும் எழுதுவதில்லை” என்றார் ஹர்ஷவர்தன், நல்ல கணீர்க் குரலில். “பெரிய படைப்புகளுக்கு இப்படிப்பட்ட வாசகர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். அந்த நண்பருக்கு என் நாவல் புரியவில்லை. கோபமில்லை. ஒருநாள் புரியும்.”

கைதட்டல் மண்டபத்துக் கூரையைத் தூக்கியது. கோதண்டபாணி நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். ஒவ்வொருவராக வந்து ஹர்ஷவர்தனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே இருந்தார்கள். ராம்ப்ரஸாத் மேடையிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, பட்டுக் குவியலுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை இவரைப் பார்க்கவில்லை.

வகுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. மறுவாசிப்பு விடுப்பு காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது. பள்ளிக்கு வரவேண்டிய சிரமமும் ரத்து செய்யப்பட்டது. ராம்ப்ரஸாத் வீட்டிலேயே டியூஷன் எடுத்தார். யாரும் வரமாட்டார்கள் என்று தாரா பயந்தாள். ஆனால் தேர்வு நெருங்க நெருங்க மாடி போர்ஷனில் இடம் போதவில்லை. மாமன்றத்து உறுப்பினர்கள் தங்கள் பிள்ளைகளைத் தெரு முனையிலேயே ஸ்கூட்டரிலிருந்து இறக்கிவிட்டு, வேறு பக்கம் பார்த்தபடி திரும்பிப் போனார்கள். சபாபதியின் அண்ணன் மகன்கூட வந்தான், பின்படி வழியாக. அவர் எல்லோருக்கும் ஒளிவிலகலை முதலிலிருந்து நடத்தினார். கோரஸாகச் சொல்ல விடவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னார். அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

தேர்வெல்லாம் முடிந்து வீடு காலியாக இருந்த ஒரு மத்தியானம், தொலைபேசி அடித்தது. எஸ்.டி.டி. என்கிற வெளியூர் அழைப்பு. ராம்ப்ரஸாத் எடுத்தார்.

“நான்தான்” என்றது ஒரு தாழ்ந்த குரல். “உங்க நம்பரை வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அந்த அம்மா வர பக்கத்துக்கு அப்புறம், எங்க கெட்டுப்போச்சு? எந்த வரியில? தயவுசெஞ்சு சொல்லுங்க.”

மேடையில் அந்தக் குரல் சொன்னதை ராம்ப்ரஸாத் மறக்கவில்லை. ரிசீவரை வைத்துவிடத்தான் கை போனது. ஆனால் அந்தக் குரலில் ஒரு குழந்தைத்தனம் இருந்தது. அம்மா சிரிக்கச் சொன்ன குழந்தை காத்திருப்பது போல. பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அவ கதவைத் திறக்கறா இல்லையா சார்? அப்போ வெளியில—”

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ உள்ளே வந்து நாற்காலியை நகர்த்தினார்கள்.

“ரொம்ப நன்றி, ரொம்ப சந்தோஷம்!” என்று ஹர்ஷவர்தனின் குரல் சட்டென்று உயர்ந்து கணீரென்று ஒலித்தது. “நீங்க மட்டும் இல்லீங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க, தூங்கவே முடியலைன்னு!”

இணைப்பு அறுந்தது.

ராம்ப்ரஸாத் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து தாரா வந்து பார்த்தாள்.

“யாருன்னா அது?”

“முணுமுணுக்கறவாள்ல இன்னொருத்தர்” என்றார்.

தாரா வாசற்பக்கம் போய் மாடிப்படியில் செருப்பு ஏதும் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கதவைத் தாழ் போட்டாள்.